நூன்சியோவுக்கு ஒரு நேர்த்தி

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் அந்த வேலைக்கு இறங்கக் கூடாது. இறங்கினால் யூஜினியின் கதைதான். வாழ்க்கையிலேயே அவள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. அது ஒரு பஸ் நிறையச் சனத்தை இத்தாலியின் ஒரு மூலைக் கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய் விட்டது.

யூஜினியும் கணவன் றொபேட்டும் இரண்டு பெண் பிள்ளைகளோடு ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அப்பாட்மென்ரில் இருந்தார்கள். லோறன்ஸ் வீதியில் உள்ள லோண்டரி ஒன்றில் சேட்டுகளுக்கு அயர்ண் பிடிப்பது அவள் வேலை. றொபேட் வேர்ஹவுஸ் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை, பூசை முடிய அஜின்கோர்ட்டில் மீன், மீனோடு வீட்டுக்கு வந்தால் சமையல். கோயில் சனத்தில் யாரைக் கேட்டாலும், "யூஜினியோ? வாய் திறவாத பிள்ளை" என்பார்கள். வாய் திறவாதவர்களின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டிருந்தால், ஒரு வள்ளம் ஓடுகிறது என்று சொல்லியிருப்பாள்.

அவள் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனார்கள். அம்மா மீன் விற்றாள், யூஜினி கருவாடு காயப்போட்டாள். கடல் போட்ட சோற்றைத்தான் எல்லோரும் தின்றார்கள். ஆனால் பெண் கால் வள்ளத்தில் படக் கூடாது. பட்டால் வலை வெறுமையாக வரும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காத சட்டத்தைத்தான் நம்முடைய ஆட்கள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுவார்கள். ஏழு வயதில், ஒளித்துப் பிடித்து விளையாடுகையில், கரையில் இழுத்துவிட்டிருந்த அப்பாவின் வள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா அடிக்கவில்லை. சுவாமியாரைக் கூட்டிவந்து, தண்ணீரை மந்திரித்து வாங்கி வள்ளத்துக்குத் தெளித்தார். அடித்திருந்தால் அவள் என்றைக்கோ மறந்திருப்பாள்.

எண்பத்தாறில், கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவளை வேறு ஐந்து பேரோடு தெற்கு இத்தாலியில் கலாநோவா என்ற மீன்பிடிக் கிராமத்தில், ஒரு மேல்மாடி அறையில் கொண்டுபோய் விட்டான். "நாளைக்கு வாறன்" என்று போனவன் மாதம் ஒன்றரை கழித்துத்தான் வந்தான். மற்றவர்கள் பொழுதெல்லாம் அறைக்குள் இருந்து அவனைத் திட்டினார்கள். யூஜினி விடிய எழும்பிக் கரைக்குப் போனாள்.

அங்கே நூன்சியோ என்று ஒரு கிழவர் தனியாளாகத் தொழில் செய்தார். அவர் வலையை இழுக்கிற நேரம் சுக்கானைப் பிடிக்க இன்னொரு கை தேவைப்பட்டது. ஒருநாள் விரலை மடக்கி அவளைக் கூப்பிட்டார். அவள் தன் காலைக் காட்டி, வள்ளத்தைக் காட்டி, கூடாது என்று தலையாட்டினாள். கிழவருக்கு விளங்கவில்லை. கால் அழுக்காயிருக்கிறது என்கிறாளாக்கும் என்று நினைத்து, ஒரு வாளித் தண்ணீரை அள்ளி அவள் காலில் ஊற்றினார். பிறகு கை கொடுத்து ஏற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் கடலுக்குப் போனாள். கரை சிறுத்து, வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன பிறகு கிழவர் எஞ்சினை நிறுத்துவார். அந்த அமைதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அங்கே அவள் யாருக்கும் மகளில்லை, தங்கச்சியில்லை, கனடாவில் ஒருவனுக்குப் பேசிவைத்த பெட்டையில்லை. வள்ளம் ஏறி இறங்க அவளுடைய அடிவயிறும் கூடவே ஏறி இறங்கும். வலை நிறைந்து வந்த நாளும் உண்டு, வெறுமையாக வந்த நாளும் உண்டு. அதற்கும் அவள் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

பிறகு ஏஜென்சிக்காரன் வந்தான், கனடா வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். றொபேட் நல்லவன். குடி இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை, பிள்ளைகளுக்குத் தலைகூட வாரிவிடுவான். ஆனால் கடல் என்ற பேச்சே அவனுக்கு ஆகாது. அவனும் ஊரில் தொழிலுக்குப் போனவன்தான். அவனுக்கும் தம்பிக்கும் ஒரே வள்ளம். ஒருநாள் இவன் காய்ச்சலென்று படுத்துக்கிடக்க, தம்பி தனியாகப் போனான். என்ன நடந்ததென்று இன்றைக்கும் தெரியாது. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அன்றோடு றொபேட் தண்ணீரைப் பார்ப்பதை விட்டான். ரொறன்ரோவில் வாவி தெரிகிறதென்று லேக்ஷோர் வீதியால் கார் விடமாட்டான். நெரிசலில் கிடந்து வெந்தாலும் அவனுக்கு 401 நெடுஞ்சாலைதான். அப்படிப்பட்டவனிடம் போய், எனக்கு வள்ளத்தில் ஏற ஆசையாயிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்ரர் ஐலண்ட் ஃபெரியில் போய்ப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சனம் நின்றது. பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்டார்கள். தண்ணீர் எங்கேயோ கீழே கிடந்தது, அதில் உப்பு மணமும் இல்லை. பஸ்ஸில் ஏறி இறங்கியது போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்றூமைப் பூட்டிக்கொண்டு அழுதாள். முப்பது வயது தாண்டிய பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு மீன்வள்ளத்துக்காக அழுகிறாள் என்று சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? இன்னும் ஒரேயொரு தரம் அந்த வள்ளத்தில் ஏறிவிட்டால் போதும் என்று கிடந்தது அவளுக்கு. வேறு எதையும் அவள் இவ்வளவு வேண்டி நின்றதில்லை.

தொண்ணூற்றேழு ஒக்ரோபரில் பஸ்ரியன் அண்ணை இத்தாலிக்கு யாத்திரை ஒழுங்கு செய்தார். கோயில் பாட்டுக்குழுவுக்கு அவர்தான் தலைவர். ரோம், பதுவை அந்தோனியார், பொம்பேய் செபமாலை மாதா, அதற்கு அடுத்த நாள் ஓய்வு. றொபேட் தங்கள் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்; பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. யூஜினி வரைபடத்தில் பொம்பேயில் ஒரு விரலையும் கலாநோவாவில் ஒரு விரலையும் வைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அன்றைக்கு அயர்ண் போட்ட சேட்டுகளில் இரண்டு கருகின.

இரவுச் சாப்பாட்டில் அவள் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, அந்த ஓய்வு நாளில நான் ஒரு இடத்துக்குப் போகோணும்."

"எங்கையப்பா?"

"நான் முந்தி நிண்ட கலாநோவாவுக்கு."

"உந்த ஏஜென்சிக்காரன் கொண்டுபோய்ப் போட்ட இடத்துக்கோ? அங்க என்ன கிடக்கு?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"ஒரு நேர்த்தி கிடக்கு."

றொபேட் சோற்றுக் கையைத் தட்டில் வைத்தான். நம்முடைய சனம் வாடகையைப் பிந்திக் கட்டும், கலியாணத்தைத் தள்ளிப்போடும், நேர்த்தியை மட்டும் கிடப்பில் போடாது. "பதினொரு வருசமாச் செலுத்தாமலோ வைச்சிருக்கிறீர்?" என்றான். "இப்பத்தான் விளங்குது எனக்கேன் இந்த முதுகு நோ எண்டு. சின்னவளுக்கு மூச்சிழுப்பு விடாததும் உதாலதான். எந்தப் புனிதருக்கு வைச்சனீர்?"

அவளுக்கு இத்தாலியில் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

"நூன்சியோ."

"கேள்விப்படேல்லையே."

"அந்தப் பக்கத்துக் கடற்கரையில நல்லாத் தெரியும்" என்றாள். அதில் பொய் இல்லை.

றொபேட் அதைத் தன் மாமியிடம் சொன்னான். வேரோனிக்கா மாமி அவனுடைய தகப்பனின் தமக்கை, எழுபது வயது, யாத்திரைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர். மாமியிடம் சொன்னால் கோயில் மணியில் சொன்ன மாதிரி. அடுத்த ஞாயிறு பூசை முடிய நாலு பெண்கள் யூஜினியை வளைத்துக்கொண்டார்கள். அந்தப் புனிதர் கால் நோவுக்கு நல்லவரோ? பிள்ளையில்லாதவர்கள் போகலாமோ? யூஜினி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது அவர்களுக்கு ஓம் என்றே கேட்டது. பஸ்ரியன் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, "ஓய்வு நாளில எல்லாருமாப் புனித நூன்சியோவின்ர திருத்தலத்துக்குப் போறம்" என்று அறிவித்தார். யூஜினி தனியாகப் போய்ச் சத்தமில்லாமல் ஏறி இறங்க நினைத்த வள்ளம் அது. பெண் கால் பட்டால் வலை வெறுமை என்று பாலோடு குடித்து வளர்ந்த அத்தனை பேரும் இப்போது அவளோடு வருகிறார்கள்.

வந்தார்கள். பொம்பேயிலிருந்து காலை வெளிக்கிட்ட பஸ்ஸில் முழுச் செபமாலையும் சொல்லி, பத்துச் செபம் கொண்ட ஒவ்வொரு காரணிக்கத்தின் முடிவிலும் "புனித நூன்சியோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். கிழவர் வலை சிக்கினால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர், வெற்றிலைக்குப் பதிலாகச் சுருட்டு மென்றவர். யூஜினி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசி வளைவு திரும்பியதும் கடல் தெரிந்தது. சத்தியமாக அதே கடல். வெள்ளை வீடுகள், சாத்திய யன்னல்கள், கொடியில் காய்கிற துணி, மணலில் இழுத்துவிட்ட நீல வள்ளங்கள், வலைக்குமேல் படுத்திருக்கும் பூனைகள். ஒக்ரோபர் மாதமானபடியால் குளிக்க வந்தவர்களும் இல்லை. அலை வந்து போகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதிக்குள் ரொறன்ரோத் தமிழ்ச்சனம் புளிச்சோற்றுப் பார்சலும் மெழுகுதிரியுமாக இறங்கியது.

மேட்டில் இருந்த கோயில் பூட்டிக் கிடந்தது. "எங்க பிள்ளை நூன்சியோ?" என்று பஸ்ரியன் அண்ணை கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் வேரோனிக்கா மாமியே கண்டுபிடித்துவிட்டார். கடற்கரைச் சுவரில் ஒரு சின்ன மாடம். உள்ளே உப்புக்காற்றில் மூக்குப் போன ஒரு சுரூபம், முன்னால் பிளாஸ்ரிக் பூ. "இவர்தான். முகத்தைப் பார்க்கவே தெரியுது" என்று மாமி முழந்தாளிட, மற்றவர்களும் முழந்தாளிட்டுப் பாடத் தொடங்கினார்கள்.

யூஜினி பின்வாங்கி மணலில் இறங்கினாள். ஒரு வள்ளத்தருகே ஒருவன் எஞ்சினைக் கழற்றிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும், அதே பெரிய காது. "நூன்சியோ?" என்று கேட்டாள். அவன் தன் நெஞ்சைத் தொட்டு, என் அப்பா என்ற பொருளில் "பாப்பா" என்று சொல்லி, மேட்டுக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மதிலைக் காட்டினான். மதிலுக்கு மேலால் சிலுவைகள் தெரிந்தன. அவளுக்குக் கண் நிறைந்தது. அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு சுக்கான் பிடிப்பதுபோலக் கையை வைத்துக் காட்டி, "இந்தியானா?" என்றான். அவள் இந்தியாக்காரி அல்ல. அதைத் திருத்துகிற நேரமா இது? ஓம் ஓம் என்று தலையாட்டினாள். கிழவர் அவளைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அவன் எஞ்சினைத் திரும்பவும் பூட்டி வள்ளத்தைக் காட்டினான். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அவளுடைய ஏழு வயதில் அப்பா தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்ற முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பதினொரு வருஷம் காத்திருந்து, கடல் கடந்து, வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றும் ஏற முடியவில்லை. அந்த மணலிலேயே குந்திவிட்டாள்.

பஸ்ஸருகே கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்ற றொபேட், மெழுகுதிரி கொளுத்துகிற நேரம் அவளைக் காணவில்லை என்று தேடி வந்தான். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டே நடந்து வந்தான்.

"என்னப்பா, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கினம். நேர்த்தியைச் செலுத்தும்."

"நேர்த்தி ஒண்டும் இல்லை."

"என்ன?"

"நூன்சியோ புனிதரில்லை. வள்ளக்காரக் கிழவர். என்னை ஒவ்வொரு நாளும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். எனக்கு இன்னும் ஒருக்கா வள்ளத்தில போகோணும். அவ்வளவுதான்."

றொபேட்டுக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"இதை வீட்டிலயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களே? லேக்ஷோரால கார்கூட விடமாட்டீங்கள்."

அவன் முதன்முறையாகத் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தான். பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான். வெயில் என்று சொல்ல முடியாது, வானம் மூடியிருந்தது.

"உமக்குப் பயமில்லையோ?"

"அங்க மட்டுந்தான் எனக்குப் பயமில்லை."

றொபேட் வள்ளத்தருகே போய் அதன் விளிம்பில் கையை வைத்தான். கை தானாக விளிம்பு வழியே ஓடி, ஒரு வெடிப்பில் நின்று, அதைத் தட்டிப் பார்த்தது. நூன்சியோவின் மகன் ஏதோ சொன்னான். றொபேட் தமிழில் ஏதோ சொன்னான். தொழில்காரனுக்குத் தொழில்காரன் பேச மொழி எதற்கு? இருவருமாக வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்ற நினைவுகூட றொபேட்டுக்கு வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் வள்ளத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு, "ஏறுமப்பா" என்றான்.

"டேய் றொபேட்!" சுவரிலிருந்து மாமியின் குரல் வெடித்தது. "பொம்பிளையை வள்ளத்தில ஏத்துறியோ? உனக்கென்ன விசரோ?"

பாட்டு நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. யூஜினி தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

றொபேட் திரும்பாமலே சொன்னான். "நேர்த்தி மாமி. இவருக்குச் செலுத்துறதெண்டா வள்ளத்தில போய்த்தான் செலுத்தோணுமாம்."

பொய் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு வாய்த்த புருஷனைப் பாருங்கள். கண்கூடச் சிமிட்டாமல் சொன்னான். பஸ்ரியன் அண்ணை, அப்படியென்றால் சரி என்று தொண்டையைச் செருமி மாதா பாட்டை எடுத்தார். யூஜினி ஏறினாள்.

கரை சிறுத்தது. பாட்டு தேய்ந்து, பிறகு கேட்கவே இல்லை. நூன்சியோவின் மகன் சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டு வள்ளத்தின் முன்புறம், அணியத்தில் போய் இருந்துகொண்டான். எஞ்சினை நிறுத்தச் சொல்ல அவளுக்கு மொழி தெரியாது. கையைக் காட்டினாள். நிறுத்தினான். அடிவயிறு ஏறியது, இறங்கியது. மறந்துபோயிருக்குமோ என்று பயந்திருந்தாள். ஒன்றும் மறக்கவில்லை. காற்று சேட்டுக்குள் புகுந்து முதுகைத் தொட்டது. லோண்டரியின் ஆவி இல்லை, பிள்ளைகளின் இழுபறி இல்லை, யாருக்கும் மறுமொழி சொல்லத் தேவையில்லை. அவள் வாய்விட்டு அழுதாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டையும் கேட்டவன் ஒருவன்தான். அவன் மரியாதையாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. இவ்வளவுதானா? இன்னும் இவ்வளவு கடல் கிடக்கிறதே என்று இருந்தது அவளுக்கு. வள்ளம் திரும்பியது. திரும்பும் வழியெல்லாம் அவள் கரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் கிட்ட வந்துவிடும்.

வள்ளம் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீருக்கு வந்தபோதுதான் நிமிர்ந்தாள். மாடத்தடியில் இப்போது யாரும் இல்லை. ஆண்கள் மணலில் நின்றார்கள். பெண்கள் அலைக்குள் நின்றார்கள், கையில் செருப்போடு. பஸ்ரியன் அண்ணையின் மனைவி, பிள்ளை கேட்டு வந்தவள், கால் நோவுக்காரி, எல்லோரும் கருவாடு காயப்போட்டும் மீன் விற்றும் வளர்ந்தவர்கள். முன்னால் வேரோனிக்கா மாமி, சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகியபடி. தகப்பனையும் புருஷனையும் பிள்ளைகளையும் கடலுக்கு அனுப்பிவிட்டு எழுபது வருஷமாகக் கரையிலேயே நின்றவர். றொபேட் வள்ளத்தைப் பிடித்து நிறுத்தினான்.

மாமி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யூஜினியைப் பார்க்கவில்லை.

"எனக்கும் ஒரு நேர்த்தி கிடக்கு" என்றார்.

"ஆருக்கு மாமி?" என்று கேட்டான் றொபேட்.

மாமி றொபேட்டின் தோளை இறுக்கிப் பிடித்து, வலது காலைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்தார். ஒரு கணம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். இனித் தன் முறை முடிந்தது என்று யூஜினி எழும்பி, இறங்குவதற்குத் தண்ணீருக்குள் காலை நீட்டினாள். மாமி அவள் கையை எட்டிப் பிடித்தார்.

"நீ இறங்காத பிள்ளை. அங்கால அரக்கி இடம் விடு."